பாஃப் கோப்பு பிளாப்பியில் ஏற மறுப்பது ஏன்?

கேள்வி இதுதான். அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டிக்குப் பக்கத்தில் வசிக்கும் தமிழர் ஒருவர், அடுத்த வீட்டு மூதாட்டிக்கு உதவப் போய் மாட்டிக்கொண்டிருக்கிறார். மூதாட்டி மார்மன் சபையைச் சேர்ந்தவர். விண்டோஸ் 98 ஓடும் பழைய கணினியில், பர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல் (பாஃப்) என்ற மென்பொருளில், தன் முன்னோர் பெயர்களைப் பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறார். அவற்றை ஆலயத்துக்குக் கொடுக்க பிளாப்பி டிஸ்க்கில் சேமித்துத் தரும்படி கேட்கிறார். சேமிப்பு சில நேரம் பாதியில் நின்று பிழைச்செய்தி வருகிறது. சில நேரம் முடிந்துவிட்டதாகக் கணினி சொல்கிறது. டிஸ்க்கைத் திறந்தால் காலி. ஒரு தடவை கோப்பு ஒழுங்காக வந்தும் அதில் ஒரு பெயர்கூட இல்லை. புது டிஸ்க் போட்டுப் பார்த்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

முதலில் கசப்பான செய்தி. அந்த டிஸ்க் ஒழுங்காக உருவானாலும் இன்று எந்த ஆலயமும் அதை வாங்கிக்கொள்ளாது. ஆலயச் சடங்குக்கான பெயர்களைச் சரிபார்த்த டெம்பிள்ரெடி என்ற நிரலுக்காக ஏற்பட்ட நடைமுறை அது. 2007 முதல் சபை அதை ஆலய வட்டம் ஆலய வட்டமாகக் கைவிட்டு இணையத்துக்கு மாறியது. அதிக உறுப்பினர்கள் உள்ள உட்டா, ஐடஹோ பகுதிகள் கடைசியில்தான் மாறின. ஆகவே மூதாட்டியின் நினைவில் அந்த டிஸ்க் பழக்கம் இன்னும் பசுமையாக இருப்பதில் வியப்பில்லை.

அதற்காகக் கணினியை அணைத்துவிட்டுப் போகவும் வேண்டாம். டிஸ்க் காலாவதியானாலும் உள்ளே இருக்கும் பெயர்கள் காலாவதியாகவில்லை. விண்டோஸ் 98 சாதாரணமாக ஒரு பென் டிரைவைத் தனி டிரைவர் இல்லாமல் அடையாளம் காணாது. எனவே அந்தத் தகவலை வெளியே கொண்டுவர பிளாப்பியே இன்னமும் கைக்கெட்டிய வழி. உங்கள் கேள்விக்கு விடை தேடுவது வீண்வேலை அல்ல. போய்ச் சேரும் இடம்தான் மாறியிருக்கிறது.

இந்தக் கோப்பு எதற்கு என்பது தெரியாவிட்டால் மூன்றாவது கோளாறு புரியாது. அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது மார்மன்களின் சபையின் முழுப்பெயர். இறந்துபோன முன்னோருக்காக உயிரோடு இருப்பவர் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெறலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. 1840 முதல் இந்த வழக்கம் இருக்கிறது. அதன் பிறகு சபை உறுப்பினராக உறுதிசெய்யும் திடப்படுத்தல், போதனையும் உடன்படிக்கையும் கொண்ட எண்டோமென்ட், கணவன் மனைவியையும் பெற்றோர் பிள்ளைகளையும் நித்தியத்துக்கும் இணைக்கும் முத்திரிப்பு என்று சடங்குகள் தொடரும். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட மனிதருக்காக, பெயர் சொல்லிச் செய்யப்படுவது. அதனால்தான் 1894ல் உட்டாவில் வம்சாவளிச் சங்கம் தோன்றியது, 1938ல் உலகெங்கும் உள்ள பதிவேடுகளை மைக்ரோபிலிமில் படம்பிடிக்கும் வேலை தொடங்கியது, 1984ல் பர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல் வந்தது. எல்லோரும் பாஃப் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஒரே மனிதருக்கு ஒரே சடங்கை இரண்டு முறை செய்யக் கூடாது என்பது விதி. டெம்பிள்ரெடி இதற்காகவே வந்தது. உறுப்பினர் வீட்டில் பாஃப் மூலம் ஜெட்காம் என்ற பொது வடிவத்தில் ஒரு கோப்பை பிளாப்பியில் எடுத்துக்கொள்வார். அதைச் சபை நடத்தும் உள்ளூர் குடும்ப வரலாற்று மையத்துக்குக் கொண்டுபோவார். அங்குள்ள நிரல் ஒவ்வொரு பெயரையும் குறுந்தகடுகளில் இருந்த சடங்குப் பட்டியலோடு ஒப்பிட்டுத் தேறிய பெயர்களை மட்டும் மற்றொரு டிஸ்க்கில் எழுதித் தரும். ஆலயத்துக்குப் போனது அந்த இரண்டாவது டிஸ்க். உங்கள் மூதாட்டி இந்த இரண்டு டிஸ்க்குகளையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. அன்றும் பலர் அப்படித்தான் குழம்பினார்கள். குறுந்தகடுகள் எப்போதாவதுதான் புதுப்பிக்கப்பட்டன. அந்த இடைவெளியில் ஒரே தாத்தாவுக்காகப் பேரர்கள் ஆளுக்கொரு டிஸ்க் கொடுத்து, ஒரே சடங்கு பல முறை நடந்த கதைகள் ஏராளம். இணையத்துக்கு மாறியதற்கு இதுவே பெரிய காரணம்.

இனி கோளாறுகளுக்கு வருகிறேன். நீங்கள் மூன்று அறிகுறிகளைச் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றையும் 'சேமிக்க முடியவில்லை' என்ற ஒரே பெயரில் அடைத்ததுதான் சிக்கல். பாதியில் நிற்பது டிஸ்க்கின் அல்லது டிரைவின் குற்றம். காலியாகத் தெரிவது பெரும்பாலும் இடம் மாறிய குற்றம். பெயர்கள் இல்லாமல் வருவது டிஸ்க்குக்குச் சம்பந்தமே இல்லாதது. அது பாஃப் வைத்திருக்கும் கணக்கு. புது டிஸ்க் போட்டும் பலனில்லாமல் போனதற்கும் இதுதான் காரணம்.

பாதியில் நிற்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். பிழைச்செய்தி என்ன சொல்கிறது என்பதை வார்த்தைக்கு வார்த்தை எழுதி வையுங்கள். எழுதத் தடை என்று சொன்னால் டிஸ்க்கின் மூலையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தாழ்ப்பாளைப் பாருங்கள். மூன்றரை அங்குல டிஸ்க்கில் அந்தத் துளை திறந்திருந்தால் எழுத முடியாது, மூடியிருந்தால் எழுதலாம். அதற்கு முந்தைய ஐந்தேகால் அங்குல டிஸ்க்கில் விதி நேர் எதிர்: ஓரத்து வெட்டை மூடினால்தான் தடை. பழைய பழக்கத்தில் இரண்டையும் மாற்றிச் செய்பவர்களைத் திட்டாதீர்கள்.

இடம் போதவில்லை என்று சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.44 மெகாபைட் டிஸ்க்கில் கோப்புகளுக்கென்று உண்மையில் கிடைப்பது 14,57,664 பைட். மீதி, டிஸ்க்கின் சொந்தக் கணக்குப் புத்தகத்துக்குப் போய்விடுகிறது. நீண்ட குறிப்புகளோடு சில ஆயிரம் பேரைச் சேர்த்து வைத்தவரின் ஜெட்காம் இதைச் சுலபமாகத் தாண்டும். இன்னொரு வரம்பும் உண்டு. பலருக்கு அது தெரியாது. டிஸ்க்கின் முதல் பட்டியலில் 224 பதிவுகளுக்குத்தான் இடம். விண்டோஸில் நீளமான பெயர் வைத்த ஒவ்வொரு கோப்பும் இரண்டு மூன்று பதிவுகளை விழுங்கும். சின்னச் சின்னக் கோப்புகள் நிறைந்த டிஸ்க்கில் பாதி இடம் காலியாக இருந்தும் சேமிக்க மறுப்பது இதனால்தான். கோப்பின் பெயரை எட்டு எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் வையுங்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் பாஃபுக்கு அது கட்டாயம். விண்டோஸ் பாஃபுக்கும் நல்லது.

செக்டர் கிடைக்கவில்லை, படிக்க முடியவில்லை, முதல் டிராக் கெட்டுவிட்டது என்ற ரகச் செய்திகள் வந்தால் டிஸ்க்கின் காந்தப்பூச்சு போய்விட்டது என்று பொருள். அந்த டிஸ்க்கைத் திரும்பத் திரும்பச் சோதிக்காதீர்கள். தேய்ந்த பூச்சு டிரைவின் தலையில் (படிக்கும், எழுதும் பாகத்தில்) ஒட்டிக்கொண்டால் அடுத்துப் போடும் நல்ல டிஸ்க்கையும் கீறிவிடும். இருபது வருடம் மேசை இழுப்பறையில் கிடந்த டிஸ்க், பிரிக்காத உறையில் இருந்தாலும் புது டிஸ்க் ஆகாது. அதை முழுமையாக ஃபார்மட் செய்யுங்கள், விரைவு ஃபார்மட் வேண்டாம். முடிவில் 'கெட்ட செக்டர்' என்று ஒரு பைட் காட்டினாலும் அதை ஒதுக்கிவிடுங்கள்.

இங்கே டிரைவையும் சந்தேகப்பட வேண்டும். பிளாப்பி டிரைவின் தலை காலப்போக்கில் தன் வரிசையிலிருந்து சற்றே விலகும். விலகிய டிரைவ் தான் எழுதியதைத் தானே நன்றாகப் படிக்கும். வேறு டிரைவில் போட்டால் அந்த டிஸ்க் ஊமை. வீட்டில் எல்லாம் சரியாக இருந்தும் மையத்தில் வெறும் டிஸ்க் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். மையத்து ஊழியரைக் குறை சொல்வார்கள், குற்றவாளி வீட்டு மேசையிலேயே உட்கார்ந்திருக்கும். சோதிக்க எளிய வழி: எந்த டிரைவில் படிக்கப் போகிறீர்களோ அதிலேயே டிஸ்க்கை ஃபார்மட் செய்து, மூதாட்டியின் கணினியில் ஒரு சிறு கோப்பை எழுதி, திரும்பக் கொண்டுவந்து படித்துப் பாருங்கள். இன்றைய கணினிகளுக்கு யூஎஸ்பி பிளாப்பி டிரைவ் விலைக்குக் கிடைக்கிறது. மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு அது போதும். பழைய மேக்கின் 800 கிலோபைட் டிஸ்க் ஏதாவது அவர் பெட்டியில் இருந்தால் அதை இந்த டிரைவ் படிக்காது. அதன் எழுத்துமுறையே வேறு.

இரண்டாவது அறிகுறி, சேமித்தும் காலி. பத்தில் ஒன்பது பேருக்குக் கோப்பு ஹார்டு டிஸ்க்கில் பாஃபின் சொந்தக் கோப்புறைக்குள் பத்திரமாக இருக்கும். ஏற்றுமதித் திரையில் பெயரை மட்டும் தட்டிவிட்டு 'ஏ' டிரைவைத் தேர்ந்தெடுக்க மறந்தால் அது வழக்கமான இடத்துக்கே போகும். கோப்பு தேடும் வசதியில் ஜெட்காமின் மூன்றெழுத்துப் பின்னொட்டை (ged) கொடுத்து, 'சி' டிரைவ் முழுவதும் தேடுங்கள். மூதாட்டி இத்தனை வருடம் 'தொலைத்த' ஏற்றுமதிகள் வரிசையாக வந்து நிற்கும்.

பத்தாவது ஆளின் நிலைமைதான் ஆபத்தானது. டிஸ்க்கை மாற்றியதை டிரைவ் கணினிக்குச் சொல்ல ஒரு மின்கம்பி உண்டு. அந்தக் கம்பியோ உணர்வியோ பழுதானால், புது டிஸ்க் போட்டபிறகும் பழைய டிஸ்க்கின் பட்டியலையே கணினி காட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் எழுதினால் பழைய டிஸ்க்கின் கணக்கைப் புது டிஸ்க்கின் மேல் எழுதிவிடும், புது டிஸ்க்கில் இருந்தது அத்தனையும் போய்விடும். இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகள் போட்டும் ஒரே பட்டியல் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த டிரைவில் இனி முக்கியமான எந்த டிஸ்க்கையும், எழுதத் தடை போடாமல் நுழைக்காதீர்கள்.

மூன்றாவது அறிகுறி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் கணினியைவிட இறையியல்தான் அதிகம். பாஃபில் ஒவ்வொரு மனிதருக்கும் பிறப்பு, இறப்பு தவிர, ஞானஸ்நானம் முதலான சடங்குகளுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. ஆலயத்துக்கான பட்டியலை உருவாக்கும்போது, தேர்வான பெயர்களின் சடங்குக் கட்டத்தில் 'சமர்ப்பிக்கப்பட்டது' என்ற குறியைப் பாஃப் போட்டுவைக்கும், இரண்டாம் முறை அதே பெயர் போகாமல் இருக்க. இப்போது யோசியுங்கள். முதல் முயற்சியில் பாஃப் குறியைப் போட்டுவிட்டது. டிஸ்க் பாதியில் செத்துவிட்டது. டிஸ்க்கில் எதுவும் இல்லை, ஆனால் பாஃபின் கணக்கில் எல்லோரும் போய்விட்டார்கள். அடுத்த முறை கேட்டால் அனுப்ப யாருமில்லை என்று வெறும் தலைப்பையும் முடிவையும் மட்டும் எழுதித் தருகிறது. நிரல் பொய் சொல்லவில்லை, விதியைக் கடைப்பிடிக்கிறது. அந்தக் குறிகள் யார் யாருக்கு விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். மூதாட்டி உண்மையாகவே ஆலயத்துக்குக் கொடுத்த பெயர்களும் அதே குறியோடு இருக்கக்கூடும், ஆகவே எல்லாவற்றையும் ஒரே வீச்சில் அழித்துவிடாதீர்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பெயர் பெயராகக் கேட்டு நீக்குங்கள். அதற்கும் முன்னால் மூல கோப்பின் நகல் ஒன்றை எடுத்து வையுங்கள்.

பெயர்கள் வராமல் போக வேறு காரணங்களும் உண்டு. பெயர், ஆணா பெண்ணா என்ற விவரம், ஏதாவது ஒரு நிகழ்வின் தேதி, இடம் இவை இல்லாதவர் தேற மாட்டார். எட்டு வயதுக்குள் இறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் தேவையில்லை என்பது சபையின் கொள்கை; அந்தக் கட்டத்தில் 'குழந்தை' என்று குறித்துவிட்டு நிரல் தாண்டிப் போகும். அண்மைக் காலத்தில் பிறந்தவர்களுக்கு நெருங்கிய உறவினரின் அனுமதி வேண்டும். அன்று 95 ஆண்டுகள் என்று இருந்த வரம்பு இப்போது 110 ஆண்டுகள். இன்னும் எளிய காரணம் ஒன்று: ஜெட்காமுக்குப் பதில் பாஃபின் காப்புக் கோப்பைக் கொண்டுபோவது. காப்புக் கோப்பு பாஃபுக்கு மட்டுமே புரியும். மையத்தில் போட்டால் பெயரே இல்லை என்றுதான் வரும்.

டிஸ்க்கில் வந்த ஜெட்காம் முழுமையா என்று அறிய மென்பொருள் எதுவும் வேண்டாம், கண் போதும். அது வெறும் எழுத்துக் கோப்பு. திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியும் ஓர் எண்ணில் தொடங்கும்: 0 என்றால் புதிய பதிவு, 1 என்றால் அந்தப் பதிவின் ஒரு விவரம், 2 என்றால் அந்த விவரத்துக்குள் தேதி, இடம் போன்றவை. பெயர் வரியில் குடும்பப் பெயரை இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே வைத்திருக்கும். நேராகக் கடைசி வரிக்குப் போங்கள். 0 என்ற எண்ணும் அதன் பக்கத்தில் டி.ஆர்.எல்.ஆர். என்ற நான்கெழுத்துக் குறியும் இருந்தால் கோப்பு முடிந்திருக்கிறது. யாரோ ஒருவரின் பிறந்த இடத்தின் நடுவில், பாதி ஊர்ப் பெயரோடு நின்றுபோயிருந்தால் எழுதும்போது அறுந்துவிட்டது. விண்டோஸ் 98ன் நோட்பேட் 64 கிலோபைட்டுக்கு மேல் திறக்காது. வேர்ட்பேடில் திறக்கட்டுமா என்று கேட்கும். திறக்கலாம், ஆனால் மூடும்போது சேமிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வேர்ட்பேட் தன் அலங்காரங்களைச் சேர்த்துக் கோப்பைக் கெடுத்துவிடக்கூடும்.

மேல் வரிகளில் எழுத்துரு முறை என்ன என்றும் குறித்திருக்கும். பழைய பாஃப் ஆன்செல் என்ற நூலகக் குறிமுறையில் எழுதும். அதில் எழுத்தின் மேலே வரும் புள்ளியும் கோடும் அந்த எழுத்துக்கு முன்னால் தனியாக வரும். உட்டாவில் டென்மார்க், சுவீடன் நாடுகளிலிருந்து வந்தவர்களின் சந்ததியினர் ஏராளம். அவர்களின் ஊர்ப் பெயர்களில் இத்தகைய எழுத்துகள் நிறைய. வேர்ட்பேடில் அவை கிறுக்கலாகத் தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டதாகப் பயந்து திருத்தாதீர்கள். ஜெட்காம் படிக்கத் தெரிந்த நிரலில் சரியாக வந்துவிடும்.

இப்போது உங்கள் இடத்தில் இருந்தால் நான் செய்வது இது. பிளாப்பிக்கு நேராக ஏற்றுமதி செய்யவே மாட்டேன். ஆலயப் பட்டியல் வசதியைத் தொடாமல், சாதாரண ஏற்றுமதியில் எல்லா மனிதர்களையும் எல்லாக் குறிப்புகளையும் சேர்த்து ஜெட்காமாக 'சி' டிரைவில் எழுதுவேன். கடைசி வரியைப் பார்ப்பேன். பிறகு பாஃபின் காப்பு வசதியில் ஒரு நகலும் எடுப்பேன். விண்டோஸ் பாஃப் அதைச் சுருக்கிய கோப்பாக எழுதுவதால், ஜெட்காம் ஏறாத டிஸ்க்கிலும் அது ஏறிவிடலாம். இரண்டையும் இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் நகலெடுத்து, டிரைவின் விளக்கு அணைந்தபின் வெளியே எடுத்து, மறுபடி நுழைத்துத் திறந்து பார்ப்பேன். பிளாப்பி எதுவும் ஒத்துழைக்காவிட்டால் கணினியின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, பழைய ஹார்டு டிஸ்க்கை யூஎஸ்பியில் இணைக்கும் ஐடிஈ யூஎஸ்பி அடாப்டர் ஒன்றில் மாட்டி உங்கள் மடிக்கணினியில் படிக்கலாம். அரைமணி வேலை. விண்டோஸ் பாஃப் 4, 5 என்றால் குடும்பத்துக்கு ஒரு கோப்பு. டாஸ் காலத்து 2, 3 என்றால் ஒரே கோப்புறையில் பல துண்டுகளாகக் கிடக்கும், கோப்புறையை முழுதாக எடுங்கள்.

சபை 2013 ஜூலை 15 முதல் பாஃபை விநியோகிப்பதை நிறுத்திவிட்டது. அப்போது மாற்றாக அது சுட்டிக்காட்டிய ஆன்செஸ்ட்ரல் குவெஸ்ட், லெகஸி, ரூட்ஸ்மேஜிக் மூன்றும் ஜெட்காமைப் படிக்கும். எனக்கு ஆன்செஸ்ட்ரல் குவெஸ்ட்தான் இங்கே பொருத்தமாகத் தோன்றுகிறது, ஏனென்றால் பாஃப் 4 அதன் அடித்தளத்தில் எழுதப்பட்டது. மூதாட்டிக்குத் திரை பழகியதாகவே இருக்கும். அங்கிருந்து சபையின் ஃபேமிலிசர்ச் இணையதளத்தின் பொதுக் குடும்ப மரத்தோடு ஒவ்வொரு பெயரையும் ஒப்பிட்டு, இல்லாதவரை மட்டும் சேர்க்க வேண்டும். ஜெட்காமை அப்படியே மொத்தமாக மரத்தில் கொட்டினால் ஏற்கெனவே இருப்பவர்கள் மீண்டும் பிறப்பார்கள், டெம்பிள்ரெடி காலத்துத் தலைவலி திரும்பிவரும். சடங்கு தேவைப்படும் பெயரை மூதாட்டி தன் உறுப்பினர் கணக்கில் முன்பதிவு செய்து, தாளில் அச்சிட்டு ஆலயத்துக்குக் கொண்டுபோகலாம். அந்தப் படியை அவர் கணக்கிலிருந்து அவரே செய்யட்டும். நீங்கள் உறுப்பினர் இல்லையென்றால் அந்த வசதி உங்கள் கணக்கில் தெரியவே தெரியாது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே அவரிடம் பேசிவிடுங்கள். இத்தனை வருடச் சேகரிப்பில், சொந்த முன்னோர் அல்லாத பெயர்களும் கலந்திருக்கலாம். புகழ்பெற்றவர்கள், ஏதோ ஓர் ஊர்ப் பதிவேட்டிலிருந்து மொத்தமாக எடுத்தவர்கள் என்று. யூத இனப்படுகொலையில் மாண்டவர்களின் பெயர்கள் இப்படிச் சமர்ப்பிக்கப்பட்டதால் எழுந்த எதிர்ப்பின் விளைவாக, 1995ல் சபை யூத அமைப்புகளோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. தன் முன்னோர் பெயர்களை மட்டுமே கொடுக்க வேண்டும் என்பதைச் சபை உறுப்பினர்களுக்கு அதன்பிறகும் திரும்பத் திரும்ப நினைவூட்டியிருக்கிறது.

அதே கோப்பில் உயிரோடு இருப்பவர்களும் இருப்பார்கள்: அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்களின் பிறந்த தேதிகள். எந்தத் தளத்தில் ஏற்றினாலும், யாருக்கு டிஸ்க் கொடுத்தாலும், ஏற்றுமதித் திரையில் உயிரோடு இருப்பவர்களின் விவரங்களை விலக்கும் கட்டத்தைக் குறியிட்டு இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். முழு நகல் அவர் வீட்டு இழுப்பறையில் மட்டும் இருக்கட்டும்.